அலக்நந்தா, மந்தாகினி பள்ளத்தாக்கு வெள்ளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்ரி, கேதார் யாத்திரை என்று பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி வெள்ளத்தைப் பற்றித்தான் வருகிறது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் உத்தராகண்டின் கர்வால் மலைப்பகுதியில் இந்த இரண்டு ஆறுகளும் கண்ட பெருவெள்ளங்களின் வரலாற்றைக் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

அலக்நந்தா, மந்தாகினி, பாகீரதின்னு குழப்பமா இருக்கு. எது எங்கே ஓடுது?

பத்ரிநாத்துக்கு மேலே சதோபந்த், பகீரத் கரக் என்ற பனியாறுகளில் தொடங்குவது அலக்நந்தா. கீழே இறங்கும் வழியில் அது ஐந்து இடங்களில் வேறு ஆறுகளைச் சேர்த்துக்கொள்கிறது. விஷ்ணுபிரயாகையில் தௌலிகங்கா, நந்தபிரயாகையில் நந்தாகினி, கர்ணபிரயாகையில் பிண்டர், ருத்ரபிரயாகையில் கேதார்நாத்திலிருந்து வரும் மந்தாகினி, கடைசியாக தேவபிரயாகையில் கங்கோத்ரி பக்கத்திலிருந்து வரும் பாகீரதி. தேவபிரயாகைக்குக் கீழேதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2013ல் கேதாரை அடித்தது மந்தாகினி, 2021ல் வந்தது தௌலிகங்கா பக்கத்து வெள்ளம். செய்தியில் "உத்தராகண்டில் வெள்ளம்" என்று வந்தால் முதலில் எந்த ஆறு என்று பாருங்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒன்றுமே நடந்திருக்காது.

மலையிலதான் சரிவா இருக்கே, தண்ணி ஓடிப் போயிடாதா? வெள்ளம் எப்படி வரும்?

ஓடித்தான் போகிறது. சமவெளி வெள்ளம் போல நாள் கணக்கில் தேங்கி நிற்பதில்லை. சில மணி நேரத்தில், சில இடங்களில் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். ஆனால் வருவது வெறும் தண்ணீர் அல்ல. கல், மண், வேரோடு பிடுங்கிய மரம் எல்லாம் கலந்த ஒரு கனமான குழம்பு. தண்ணீரைவிட அடர்த்தி அதிகம் என்பதால் லாரி அளவுப் பாறைகளைக்கூட அது உருட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று, பள்ளத்தாக்கு பல இடங்களில் மிகக் குறுகலானது. பக்கவாட்டில் பரவ இடமில்லாத தண்ணீர் மேலே ஏறும். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றின் படுகையே பல மீட்டர் உயர்ந்து கிடக்கும். 2013க்குப் பிறகு, கேதார் போகும் வழியில் மந்தாகினிக் கரையில் இருக்கும் சோன்பிரயாகையில் அப்படித்தான் ஆனது. படுகை உயர்ந்துவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு அதே கரை போதாது. நேற்று வரை பாதுகாப்பாக இருந்த வீடு இன்று ஆற்றின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது.

எல்லாத்துக்கும் மேகவெடிப்புதானே காரணம்?

இல்லை. ஒரு சிறிய பரப்பில், சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினால்தான் வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்கிறது. அப்படி நடப்பது உண்டு. ஆனால் மலையில் எது நடந்தாலும் முதல் செய்தியில் "மேகவெடிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள், அப்புறம் யாரும் திருத்துவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆற்றோரத்தில் என்ன செய்தோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய வெள்ளங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மலை சரிந்து ஆற்றை அடைக்கிறது, அல்லது பனியாற்றின் ஓரத்தில் ஓர் ஏரி நிறைகிறது. பின்னால் தண்ணீர் சேர்கிறது. ஒரு நாள் அடைப்பு உடைகிறது. மழை அதற்குத் துணை, பல நேரம் தூண்டுதல். முழுக் காரணம் அது மட்டுமல்ல. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்த அடைப்பும் உடைப்பும் திரும்பத் திரும்ப வரும்.

2013க்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்லைன்னு சொல்றாங்களே?

அது சரியல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தான் பார்த்ததையே முதல் வெள்ளம் என்று நினைத்துக்கொள்கிறது. அலக்நந்தாவில் 1894ல் வந்தது, 1970ல் வந்தது. பாகீரதியில் 1978 ஆகஸ்டில் கனோடியா காட் என்ற ஓடையின் சரிவு ஆற்றை அடைத்து உடைந்தது. 2012ல் உத்தரகாசி அருகே அசி கங்காவில் வந்தது. இவை நன்றாகப் பதிவானவை மட்டும்.

1894ல என்னதான் நடந்துச்சு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மலைகளின் வெள்ள வரலாற்றில் மனிதர்கள் சரியாக நடந்துகொண்ட கதை இது. 1893 செப்டம்பரில், சமோலிக்குப் பக்கத்தில் அலக்நந்தாவில் கலக்கும் பிரஹி கங்கா என்ற கிளையாற்றில், கோனா கிராமத்தருகே மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. ஆற்றின் குறுக்கே சுமார் 900 அடி உயரத்துக்குக் கல்மண் அணை எழும்பியது. பின்னால் ஏரி நிறையத் தொடங்கியது. புல்ஃபோர்ட் என்ற பொறியாளர் போய்ப் பார்த்து, ஏரி நிறைய ஏறக்குறைய ஓராண்டு ஆகும், 1894 ஆகஸ்ட் மத்தியில் வழியும் என்று கணக்கிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்டும் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அப்புறம் நடந்த ஏற்பாடுகளைத்தான் கவனிக்க வேண்டும். கோனாவிலிருந்து ஹரித்வார் வரை வெள்ள எச்சரிக்கைக்காகவே தந்திக் கம்பி இழுத்தார்கள். ஏரிக்கரையில் ஒரு ராணுவப் பொறியாளரை உட்கார வைத்து நீர்மட்டத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். வெள்ளம் எந்த உயரம் வரை வரலாம் என்று கணக்கிட்டு, பள்ளத்தாக்கின் சரிவுகளில் தூண்கள் கட்டி அடையாளம் வைத்தார்கள். தூணுக்கு மேலே ஏறிவிட்டால் பிழைத்தோம், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். தொங்கு பாலங்களை முன்கூட்டியே கழற்றி எடுத்துவிட்டார்கள். யாத்திரைப் பாதையையும் ஆற்றை விட்டு விலக்கினார்கள்.

1894 ஆகஸ்ட் 25 அதிகாலை ஏரி வழிந்தது, இரவு பதினொன்றரை மணியளவில் உடைந்தது. நாலரை மணி நேரத்தில் சுமார் 10 டி.எம்.சி. தண்ணீர் இறங்கியது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக வினாடிக்கு 6 லட்சம் கன அடி. குறுகலான சமோலியில் வழக்கமான வெள்ள மட்டத்துக்கு மேல் சுமார் 160 அடி ஏறியது, அகலமான ஸ்ரீநகரில் சுமார் 42 அடி, ஹரித்வாரில் சுமார் 11 அடி. கர்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகர் துடைத்தெடுக்கப்பட்டது. பள்ளத்தாக்கு முழுவதிலும் இறந்தவர்கள் 5 பேர். ஒரு பக்கீரும் அவர் குடும்பத்தாரும். அவர்களையும் வெளியேற்றித்தான் இருந்தார்கள், திரும்ப வந்துவிட்டார்கள். ஸ்ரீநகரைப் பிறகு மேட்டில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள்.

அந்த ஏரி இப்ப இருக்கா? போய்ப் பார்க்கலாமா?

இல்லை. 1894ல் ஏரி முழுதாக வடியவில்லை. நீர்மட்டம் 390 அடி இறங்கியதும் உடைப்பு நின்றது, சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி மிஞ்சியது. கோனா தால் என்று பெயர். முக்கால் நூற்றாண்டு அங்கேயே கிடந்தது, மெல்ல மெல்ல வண்டல் சேர்ந்தது. 1970 ஜூலை 20 அன்று கொட்டிய மழையில் மேலே இருந்து வந்த கல்மண் அதில் பாய்ந்து, மிச்சமும் உடைந்தது. 1893ன் சரிவு இரண்டு முறை வெள்ளமாக வந்தது என்றே சொல்லலாம்.

1970 வெள்ளத்தைப் பத்தி யாரும் பேசறதே இல்லையே, அது பெரிசா?

பெரிதுதான். பிரஹியில் மட்டும் அல்ல, பாதாள கங்கா போன்ற வேறு கிளையாறுகளிலும் அன்று அடைப்பும் உடைப்பும் நடந்தன. சமோலிக்கும் ஜோஷிமட்டுக்கும் நடுவே சாலையோரத்தில் இருந்த பேலாகூச்சி என்ற ஊர் யாத்திரை பஸ்களோடு அடித்துச் செல்லப்பட்டது. கீழே ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயின் தலைப்பில் சுமார் 10 கிலோமீட்டர் வரை வண்டல் அடைத்துக்கொண்டது. மலையில் பெயர்ந்த மண் உத்தரப் பிரதேசத்து வயல்களின் பாசனத்தை நிறுத்தியது.

அந்த வெள்ளத்தின் நிவாரணத்துக்குப் போனவர்களில் சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கத் தோழர்களும் இருந்தார்கள். எங்கே காடு மொட்டையடிக்கப்பட்டதோ அங்கேதான் சரிவு அதிகம் என்று அவர்கள் ஊர் ஊராகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 1973ல் மண்டல் கிராமத்தில் தொடங்கிய சிப்கோ இயக்கத்துக்கும், 1974 மார்ச் 26 அன்று ரெய்ணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களைக் காத்து நின்றதற்கும் பின்னால் 1970ன் நினைவு இருக்கிறது. சிப்கோவை மரத்தைக் கட்டிப்பிடித்த கதையாக மட்டும் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். வெள்ளத்தைப் பார்த்த மக்களின் போராட்டம் அது.

கேதார்நாத்ல 2013ல ஒரே இரவுல எல்லாம் போச்சுன்னு சொல்றாங்க. உண்மையில எப்படி நடந்தது?

இரண்டு முறை வந்தது. அந்த ஆண்டு பருவமழை வழக்கத்தைவிட முன்னதாகவே வடக்கே ஏறிவிட்டது. மேற்கிலிருந்து வந்த இன்னொரு காற்றோட்டம் அதோடு சேர்ந்துகொண்டது. ஜூன் 15, 16 தேதிகளில் விடாத மழை. மலையில் உருகாமல் கிடந்த பனியின் மேல் இந்த மழை விழுந்ததால் பனியும் சேர்ந்து உருகியது. 16ஆம் தேதி மாலையில் முதல் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. கீழே பாதையில் இருந்த ராம்பாடா என்ற தங்குமிடம் இந்த வெள்ளங்களில் சுவடே இல்லாமல் போனது.

இரண்டாவது அடி 17ஆம் தேதி காலை ஏழு மணியளவில். கோவிலுக்கு மேலே சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் சோராபாரி ஏரி இருந்தது. காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்மண் மேடுதான் அதற்குக் கரை. சிமெண்ட்டும் இல்லை, பாறையும் இல்லை, தண்ணீர் வெளியேற முறையான வழியும் இல்லை. மழையிலும் பனி உருகிய நீரிலும் ஏரி நிறைந்து கரை உடைந்ததும் சில நிமிடங்களிலேயே காலியாகிவிட்டது. கேதார்நாத் ஊர் மந்தாகினிக்கும் சரஸ்வதி என்ற ஓடைக்கும் நடுவே, பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து போட்ட மண்ணின் மேல் இருக்கிறது. மந்தாகினி எப்போதோ கைவிட்டிருந்த கிழக்குப் பக்கத்துப் பழைய தடத்திலும் அன்று தண்ணீர் பாய்ந்தது. அந்தத் தடத்தில் கட்டடங்கள் இருந்தன.

எத்தனை பேர் இறந்தாங்க? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்றாங்களே.

காணாமல் போனவர்களையும் சேர்த்து 5,700 பேருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை, அதனால்தான் கணக்குகள் வேறுபடுகின்றன. அன்று யார் மலையில் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. யாத்திரைக்குப் பெயர் பதிவு செய்யும் முறை அதற்குப் பிறகு வந்தது. பதிவு செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். ராணுவமும் விமானப்படையும் மற்றவர்களும் சேர்ந்து மீட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தப் பணியில் ஜூன் 25 அன்று கௌரிகுண்ட் அருகே ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் உயிரிழந்தார்கள்.

கோவில் மட்டும் எப்படித் தப்பிச்சது? பின்னாடி வந்து நின்ன பாறைதானே காரணம்?

பாறை ஒரு முக்கியமான காரணம். பீம் சிலா என்று இப்போது வணங்கப்படும் அந்தப் பெரிய பாறை கோவிலுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்று, வெள்ளத்தை இரண்டாகப் பிரித்து விட்டது. கூடவே கோவிலின் கட்டுமானத்தையும் சொல்ல வேண்டும். கனமான கற்களை இழைத்து அடுக்கி, உயரமான மேடையின் மேல் எழுப்பிய கட்டடம் அது. சுற்றிலும் இருந்த விடுதிகள் ஆற்று மணலின் மேல் மெல்லிய தூண்களில் நின்றவை.

பாறை அங்கே வந்து நின்றது இறைவன் செயல் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் அத்தனை பெரிய பாறையை உருட்டிவரும் ஆற்றல் அந்த ஆற்றுக்கு உண்டு என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தாரி தேவி சிலையை நகர்த்தினதாலதான் 2013 வெள்ளம் வந்ததாமே?

யாத்திரை பஸ்ஸில் இந்தக் கேள்வி வராத நாள் இருக்காது. ஸ்ரீநகருக்கு மேலே அலக்நந்தா கரையில் இருக்கும் தாரி தேவி, அந்தப் பகுதி மக்களின் காவல் தெய்வம். ஸ்ரீநகர் நீர்மின் திட்டத்தின் தேக்கத்தில் பழைய இடம் மூழ்கும் என்பதால் சிலையை எடுத்து உயரமான மேடையில் வைத்தார்கள். அது நடந்தது 2013 ஜூன் 16 மாலை. கேதார்நாத்தில் முதல் வெள்ளம் வந்ததும் அதே மாலை. மக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது இயல்புதான்.

ஆனால் மழை 15ஆம் தேதியே பிடித்துவிட்டது, ஆறு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. கேதார்நாத்தும் வேறு ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. சிலையை நகர்த்தியது வெள்ளத்தைக் கொண்டுவரவில்லை. அதே சமயம், ஆற்றை அடைத்துத் திட்டம் கட்டுவதை எதிர்த்து மக்கள் தங்கள் தெய்வத்தின் பெயரால் எச்சரித்தார்கள் என்பதை ஒதுக்கிவிடக் கூடாது. அடுத்த பதிலைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

அப்போ அணைகள்தான் காரணமா? டெஹ்ரி அணை காப்பாத்துச்சுன்னும் சொல்றாங்களே?

இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டெஹ்ரி பாகீரதியில் இருக்கிறது. 260 மீட்டர் உயரம், பெரிய தேக்கம். 2013 ஜூனில் அதில் இடம் இருந்ததால் பாகீரதி வெள்ளத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது. ரிஷிகேஷுக்கும் ஹரித்வாருக்கும் அது உதவியது. அணை அந்த அளவுக்கு நிறையாமல் இருந்தது நல்ல நேரம், ஆகஸ்ட் கடைசியில் இதே வெள்ளம் வந்திருந்தால் கதை வேறு. கேதாருக்கும் அலக்நந்தாவுக்கும் டெஹ்ரி எதுவும் செய்திருக்க முடியாது, ஆறே வேறு.

அலக்நந்தாவில் இருப்பவை பெரும்பாலும் தேக்காமல் தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பும் திட்டங்கள். வெள்ளத்தைத் தாங்கும் இடம் அவற்றில் இல்லை. லாம்பகட்டில் இருந்த தடுப்பணை 2013ல் பாறைகளால் நிரம்பி, ஆறு பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போனது. ஸ்ரீநகரில் நடந்தது இன்னும் வேதனை. திட்டத்துக்காகத் தோண்டிய மண்ணை ஆற்றோரம் குவித்து வைத்திருந்தார்கள். வெள்ளம் அதை அள்ளிவந்து ஊரின் தாழ்வான பகுதியில் வீடுகளுக்குள் கொட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 9.26 கோடி ரூபாய் இழப்பீடு தர 2016ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்ட நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அணைகள் வெள்ளத்தை உண்டாக்கவில்லை, ஆனால் வந்த வெள்ளத்தின் சேதத்தைக் கூட்டின. நான் படித்தவரை நியாயமான பதில் இதுதான்.

2021 பிப்ரவரியில மழையே இல்லையே, அப்புறம் எப்படி வெள்ளம்?

அது மலையே விழுந்த வெள்ளம். 2021 பிப்ரவரி 7, வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை. காலை 10.21க்கு ரோண்டி சிகரத்தின் சரிவில் பாறையும் பனியும் சேர்ந்த பெரும் துண்டு, சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர், பிளந்து கீழே விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்கு பனி. ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே விழுந்து உராய்ந்ததில் பனி உருகித் தண்ணீரானது. தௌலிகங்காவில் சேரும் ரிஷிகங்கா ஆற்றின் சிறிய மின்நிலையம் முற்றிலும் போனது. கீழே தபோவனில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல். பெரும்பாலோர் தொழிலாளர்கள். அன்று வெள்ளம் கடந்துபோன ரெய்ணி, கௌரா தேவியின் அதே ஊர்.

பனியேரி உடைந்தது என்று முதலில் செய்தி வந்தது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த பிறகுதான் அப்படி ஓர் ஏரியே அங்கு இருக்கவில்லை என்று தெளிவானது.

எல்லாமே புவி வெப்பமாதலால வர்றதுதானா?

1894ஐ எப்படி அதில் சேர்ப்பது? இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை, பாறைகள் நொறுங்கியவை, நிலநடுக்கம் அடிக்கடி வரும். 1803ன் பெரிய நிலநடுக்கத்தில் பத்ரிநாத் கோவிலே சேதமாகிப் புதுப்பிக்கப்பட்டது. வெள்ளம் இந்த நிலத்தின் குணம்.

ஆனால் வெப்பம் கூடுவது புதிய சுமையைச் சேர்க்கிறது. பனியாறுகள் பின்வாங்கும்போது பிடிமானமில்லாத கல்மண் மேடுகளையும் புதிய ஏரிகளையும் விட்டுச் செல்கின்றன. பாறை இடுக்குகளை ஒட்டிப் பிடித்திருந்த உறைபனி இளகுகிறது. முன்பு பனியாக விழுந்த உயரத்தில் இப்போது மழையாக விழுகிறது. அதற்கு மேல் சாலை அகலப்படுத்த மலையின் அடிவாரத்தை வெட்டுவதும், வெட்டிய மண்ணை ஆற்றுச் சரிவில் தள்ளுவதும் நாமே செய்வது. அதற்குப் புவி வெப்பத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

பெரியாழ்வார் தேவபிரயாகையைப் பாடியிருக்கார். அந்தக் காலத்துலயும் இப்படி வெள்ளம் வந்திருக்குமா?

அழகான கேள்வி. கண்டமென்னும் கடிநகர் என்று ஆழ்வார் பாடிய அதே தேவபிரயாகைப் பகுதியில்தான் பழைய வெள்ளங்களின் தடயத்தைத் தேடியிருக்கிறார்கள். பெருவெள்ளம் வரும்போது, ஆற்றின் வேகம் எட்டாத ஒதுக்குப்புறங்களில் தண்ணீர் சற்று நேரம் சுழன்று நிற்கும். அப்போது மெல்லிய மணல் படியும். அடுத்த வெள்ளம் அதன் மேல் இன்னொரு படிவம் போடும். இப்படி அடுக்கடுக்காகக் கிடக்கும் மணலை வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு அடுக்கும் எப்போது படிந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மேல் கங்கையில் இப்படி ஏறக்குறைய 1,000 ஆண்டு வெள்ள வரலாற்றை எடுத்திருக்கிறார்கள், அதில் பல பெருவெள்ளங்கள் இருக்கின்றன. அவை சீரான இடைவெளியில் வரவில்லை. நெருக்கமாக வந்த காலமும் உண்டு, இடைவெளி விட்ட காலமும் உண்டு. "நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும்" என்று சொல்லி ஆற்றோரம் கட்டுவது அதனால்தான் ஆபத்து.

அப்போ பழைய ஜனங்க எப்படி இவ்வளவு காலம் வாழ்ந்தாங்க?

மேலே வாழ்ந்தார்கள். பஸ்ஸில் போகும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள். பழைய கிராமங்கள் மலைத்தோளிலும் உயர்ந்த படிநிலங்களிலும் இருக்கும். ஆற்றை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் கடைவீதி, விடுதி, வண்டி நிறுத்துமிடம். 1962 சீனப் போருக்குப் பிறகு எல்லை வரை மோட்டார் சாலை போட்டார்கள். சாலை பல இடங்களில் ஆற்றோரமாகவே வந்தது, வியாபாரம் சாலையைத் தேடி இறங்கியது. 2013ல் கோவிந்த்காட்டில் ஆறு அடித்துக்கொண்டு போனது அப்படி நிறுத்தியிருந்த வண்டிகளைத்தான்.

2025 ஆகஸ்ட் 5 அன்று பாகீரதிப் பக்கத்துத் தராலியில் நடந்ததும் இதே வகை. கீர் காட் என்ற ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து விசிறியாகப் பரப்பிய மண்ணின் மேல் விடுதிகள் வரிசையாக நின்றன. ஓடை மீண்டும் அதே இடத்துக்கு வந்தது. வெள்ளப்பரப்பில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகைப்படுத்தும் சட்டம் உத்தராகண்டில் 2012லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் விடுதிகள் எழுந்தன என்பதுதான் என் கோபம்.

ஜோஷிமட் புதையுதுன்னு செய்தி வந்ததே, அதுவும் வெள்ளமா?

இல்லை, அது நிலம் தாழ்வது. 2023 ஜனவரியில் வீடுகளில் பெரிய விரிசல் விட்டது. ஆனால் உறவு உண்டு. ஊர் இருப்பது பழைய மலைச்சரிவின் குவியல் மேல். கீழே ஆறு அடிவாரத்தை அரிக்கிறது, மேலே கட்டடமும் கழிவுநீரும் பாரம் ஏற்றுகின்றன. 1976லேயே மிஸ்ரா குழு அங்கே பெரிய கட்டுமானம் கூடாது, அடிவாரப் பாறைகளைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தது.

சரி, எந்த மாசம் போனா பயமில்லாம இருக்கலாம்?

ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து குளிர்காலத்துக்குக் கோவில் நடை சாத்தும் வரையும் ஒப்பீட்டளவில் நல்லது. ஆனால் 2013 வந்தது ஜூன் மத்தியில். 2021 அக்டோபர் 18, 19ல் உத்தராகண்டின் கிழக்குப் பகுதியான குமாவுன் பக்கத்தில் பெருமழை பலரைக் கொன்றது. எனவே மாதத்தை மட்டும் நம்பாதீர்கள். திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள், ரயில் டிக்கெட்டுக்காக மழையில் மலை இறங்கும் நிலை வரக்கூடாது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். விடுதி எடுக்கும்போது ஆறு தெரியும் அறை என்று ஆசைப்பட வேண்டாம். ஆற்றிலிருந்தும், ஓடை ஆற்றில் சேரும் வாயிலிருந்தும் தள்ளி, மேட்டில் பாருங்கள்.

ஆத்துப் பக்கம் இருக்கும்போது ஆபத்து வருதுன்னு எப்படித் தெரியும்?

மழை பெய்துகொண்டிருக்கும்போது ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் அதுதான் மிக மோசமான அறிகுறி. குறைந்துவிட்டதே என்று படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள். மேலே எங்கோ ஆறு அடைபட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். தண்ணீர் சட்டென்று சேறாகக் கலங்குவது, மரங்கள் மிதந்து வருவது, புது மண்வாசனை, தரை அதிர்வது, பாறை உருளும் இடியோசை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஏறுங்கள். ஆறு போகும் திசையில் ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். வீடியோ எடுக்க நிற்காதீர்கள்.

1894ல தந்திய வச்சே எல்லாரையும் காப்பாத்தினாங்க. செயற்கைக்கோள் இருக்கிற காலத்துல ஏன் முடியல?

அன்று அவர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு அவகாசம் இருந்தது. ஏரி கண்ணுக்குத் தெரிந்தது, மெதுவாக நிறைந்தது. 2013ல் சோராபாரி ஏரியும் கண்ணுக்குத் தெரிந்த ஏரிதான், அதன் பக்கத்திலேயே ஆய்வாளர்கள் மழைமானி வைத்திருந்தார்கள். ஆனால் கரை உடையும் முன் ஊரைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் பொறுப்பு இல்லை, சொன்னால் கேட்கும் ஏற்பாடும் இல்லை. கருவி இல்லாத குறை ஒரு பங்கு, ஆள் இல்லாத குறை இன்னொரு பங்கு. இப்போது முக்தேஷ்வரிலும் சுர்கண்டா தேவியிலும் மழையைக் கவனிக்கும் டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. மழைக்கு அவை உதவும், 2021 போன்ற பாறைச் சரிவுக்கு உதவாது.

அதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. 2021ல் பாறை விழுந்ததும் வெள்ளம் இறங்கியதும் அந்த வட்டாரத்து நிலநடுக்கமானிகளில் தெளிவாகப் பதிவாயின. அந்தப் பதிவை உடனுக்குடன் கணினி படித்துச் சொல்லும் அமைப்பு இருந்திருந்தால் தபோவனுக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே எச்சரிக்கை போயிருக்கும் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். சில நிமிடம் என்பது 1894ன் ஓராண்டு அல்ல. சுரங்கத்தின் ஆழத்தில் இருப்பவருக்கு அது போதாமலும் போகலாம். வாயருகே இருப்பவர் ஓடி மேலேற அது போதும், சங்கொலி சுரங்கத்துக்குள் கேட்கும்படி வைத்திருந்தால், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று முதல் நாளே ஒவ்வொரு தொழிலாளிக்கும் காட்டியிருந்தால்.